சுரஞ்சன் தாஸ்: பெங்களூரு சாலைப் பலகையில் இருக்கும் இந்தப் பெயர் யாருடையது?

பெங்களூருவில் வேலை பார்க்கும் தமிழர்களில் பாதிப் பேராவது அந்தச் சாலையில் டிராஃபிக்கில் மாட்டியிருப்பார்கள். பழைய மெட்ராஸ் சாலையையும் பழைய விமான நிலையச் சாலையையும் இணைக்கும் சாலை அது. ஒரு பக்கம் எச்.ஏ.எல் மதில் சுவர், இன்னொரு பக்கம் கடைகள், குடியிருப்புகள். பலகையில் எழுதியிருப்பது சுரஞ்சன் தாஸ் சாலை. கூகுள் மேப்ஸ் அந்தப் பெயரைத் தினமும் பல்லாயிரம் பேருக்குச் சொல்கிறது. யார் இந்தச் சுரஞ்சன் தாஸ் என்று கேட்டால், பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது.

சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். இந்தியாவில் வடிவமைத்துக் கட்டிய முதல் ஜெட் போர் விமானத்தை முதன்முதலில் வானத்துக்குக் கொண்டுபோனவர் இவர். அதே விமானத்தின் மேம்படுத்திய வடிவத்தைச் சோதித்தபோது, மேலெழும்பும் நேரத்தில் நடந்த விபத்தில் உயிரிழந்தார். இரண்டு சம்பவங்களுக்கும் இடையே எட்டரை ஆண்டுகள். இரண்டுமே நடந்தது பெங்களூரு எச்.ஏ.எல் விமான நிலையத்தில்.

அந்த எட்டரை ஆண்டுகளில் நடந்தது ஒரு தனிமனிதரின் கதை மட்டும் இல்லை. விமானத்தை நாமே கட்டிவிடலாம், ஆனால் எஞ்சினை நாமே செய்ய முடியுமா என்று இந்தியா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியின் தொடக்கமும் அங்கேதான் இருக்கிறது.

நீதிபதி வீட்டுப் பிள்ளை

சுரஞ்சன் தாஸ் 1920-இல் ஒரு வங்காளக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா சுதி ரஞ்சன் தாஸ், சாந்திநிகேதனில் தாகூரின் பள்ளியில் படித்தவர், பிறகு வழக்கறிஞர், நீதிபதி. 1956 முதல் 1959 வரை இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். மத்திய சட்ட அமைச்சராக இருந்த அசோக் குமார் சென், இந்த வீட்டு மாப்பிள்ளை.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவருக்கு, வக்கீல் கோட்டு ஏற்கெனவே தைத்து வைத்த மாதிரிதான். ஆனால் சுரஞ்சன் விமானப் படைக்குப் போனார். அங்கேயும் வழக்கமான போர் விமானி வேலையோடு நிற்கவில்லை. பிரிட்டனில் இருந்த எம்பயர் டெஸ்ட் பைலட்ஸ் ஸ்கூலில் பயிற்சி பெற்றுச் சோதனை விமானி ஆனார். 1943-இல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் உலகத்திலேயே சோதனை விமானிகளுக்கென்று உருவான முதல் பள்ளி. அங்கே படித்த முதல் சில இந்தியர்களில் தாஸ் ஒருவர்.

சோதனை விமானி என்றால் என்ன வேலை?

சினிமாவில் சோதனை விமானி என்றால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உயிரைப் பணயம் வைத்துச் சாகசம் செய்பவர். நிஜத்தில் இந்த வேலை ஒரு ஆடிட்டர் வேலை மாதிரி. விமானத்தை வடிவமைத்தவர் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டிருப்பார்: இவ்வளவு வேகம் போகும், இவ்வளவு நேரத்தில் இவ்வளவு உயரம் ஏறும், இவ்வளவு நீள ஓடுதளம் போதும் என்று. அந்தக் கணக்கு சரியா என்று வானத்தில் போய் அளந்து வந்து சொல்ல வேண்டும். அதுதான் செயல்திறன் சோதனை.

கேட்க எளிமையா இருக்கும். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு விமானம் நிமிடத்துக்கு எவ்வளவு உயரம் ஏறும் என்று அளக்க வேண்டும். இன்று காலை குளிர். காற்று அடர்த்தியாக இருக்கும். மதியம் வெயில், காற்று லேசாகிவிடும். முதல் ஏற்றத்தின்போது டேங்க் நிறைய எரிபொருள். கடைசி ஏற்றத்தின்போது பாதி தீர்ந்து எடை குறைந்திருக்கும். அப்படியானால் வந்த எண் விமானத்தின் எண்ணா, வானிலையின் எண்ணா?

இதற்காகவே உலகம் முழுவதும் ஒரு கற்பனை வளிமண்டலத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதில் கடல் மட்டத்தில் வெப்பநிலை எப்போதும் 15 டிகிரி செல்சியஸ். வானத்தில் எடுத்த ஒவ்வொரு அளவையும் இந்த நிலையான வளிமண்டலத்துக்கும், ஒரு நிலையான எடைக்கும் மாற்றிக் கணக்கிட்ட பிறகுதான் அது தரவு ஆகும். அதுவரை அது வெறும் வாசிப்பு.

ஏறும் வேகத்தை அளக்க ஒரு பழைய முறை உண்டு. குறிப்பிட்ட உயரத்துக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி, ஒரே வேகத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறு. நேரத்தைக் குறி. மறுபடி இறங்கு. வேறொரு வேகத்தில் அதே உயர இடைவெளியில் ஏறு. இப்படிப் பல தடவை. வரைபடத்தில் பார்த்தால் ரம்பத்தின் பல் மாதிரி இருக்கும். அதிலிருந்துதான் எந்த வேகத்தில் ஏறினால் சீக்கிரம் உயரத்தைத் தொடலாம் என்பது தெரியும். இதில் சாகசம் எதுவும் கிடையாது. வேகத்தை ஒரு முள் அளவுக்குக்கூட விலகவிடாமல் பிடித்துக்கொண்டு, முகம் சுளிக்காமல் அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

வேகமானியையே நம்ப முடியாது என்பது அடுத்த சிக்கல். விமானத்தின் உடலைச் சுற்றிக் காற்று வளைந்து ஓடுவதால், வேகமும் உயரமும் காட்டும் கருவிகள் கொஞ்சம் தப்பாகவே காட்டும். எவ்வளவு தப்பு என்பதை முதலில் தனியாக அளந்தாக வேண்டும். ஜெட் விமானத்தில் இன்னும் ஒரு படி மேலே. எஞ்சின் பறக்கும்போது எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்பதைத் தராசில் வைத்த மாதிரி நேரடியாகப் பார்க்க வழியில்லை. வெளியேறும் வாயுவின் அழுத்தம், எஞ்சின் சுழலும் வேகம் போன்றவற்றை அளந்து, அதிலிருந்து கணக்கிட்டு எடுக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் கணினி, தானியங்கிப் பதிவுக் கருவி எல்லாம் இன்றைய அளவுக்கு இல்லை. விமானி தொடையில் கட்டிய அட்டையில் பென்சிலால் எழுதுவதும் தரவுச் சேகரிப்பின் ஒரு பகுதியாக இருந்தது. எழுதிக்கொண்டே விமானத்தையும் ஓட்ட வேண்டும்.

பெங்களூருவில் ஏன் கஷ்டம் அதிகம்?

எச்.ஏ.எல் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 890 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெப்பநிலை 30 டிகிரி இருக்கும் ஒரு நாளில், அங்கே காற்றின் அடர்த்தி நிலையான கடல் மட்டத்தைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசை, எஞ்சின் உறிஞ்சும் காற்று, இரண்டுமே இதனால் அடிவாங்கும். கணக்குப்படி, ஏற்காட்டு உயரத்தைவிடக் கொஞ்சம் மேலே ஒரு ஓடுதளம் கட்டி, நிலையான வளிமண்டலத்தில் அங்கிருந்து கிளம்புவதற்குச் சமம் அது. ஐரோப்பாவின் குளிரில் காட்டிய எண்ணை இங்கே அப்படியே எதிர்பார்க்க முடியாது. இந்திய விமானப் படைக்கு இந்தியச் சூழலில் எடுத்த எண்கள் வேண்டும். அதற்கு இந்தியச் சோதனை விமானிகள் வேண்டும்.

குட்டி விமானம் நேட்

1956-இல் பிரிட்டனின் ஃபாலண்ட் நிறுவனத்தின் நேட் போர் விமானத்தை வாங்கவும், உரிமம் பெற்று பெங்களூருவில் தயாரிக்கவும் இந்தியா ஒப்பந்தம் போட்டது. இறக்கையின் முழு அகலமே 7 மீட்டருக்குக் குறைவு. இவ்வளவு சிறிய ஜெட் போர் விமானம் அதுவரை இந்தியாவில் இருந்ததில்லை. அதன் குணங்களும் புதுசு, கோளாறுகளும் புதுசு. ஆரம்ப நாட்களிலேயே நேட்டை ஓட்டி, அதன் இயல்பை இந்திய விமானப் படைக்குப் புரியவைத்தவர்களில் தாஸ் முக்கியமானவர். கான்பூரில் 1957-இல் தொடங்கிய விமான, ஆயுதச் சோதனைப் பிரிவில் நேட் சோதனைகளை அவர் முன்நின்று நடத்தினார்.

இந்த நேட்டில் இருந்தது பிரிஸ்டல் ஆர்ஃபியஸ் என்ற ஜெட் எஞ்சின். அந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க. தாஸின் மிச்ச வாழ்க்கை முழுவதும் இந்த எஞ்சின் கூடவே வரப்போகிறது.

ஜெர்மன் வடிவமைப்பாளரும் பெங்களூருவும்

எச்.ஏ.எல் 1940-இல் தொடங்கியது. அதன் முதல் சொந்த விமானம் எச்.டி-2. வி.எம். காட்டகே தலைமையில் வடிவமைத்த இந்தப் பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் பறந்தது. ஓட்டியவர் ஜம்ஷெட் முன்ஷி. ஆனால் அது முன்னால் விசிறி சுழலும் சின்ன விமானம். அங்கிருந்து ஒரே தாவலில் ஒலியைவிட வேகமாகப் போகும் ஜெட் போர் விமானத்துக்குப் போக வேண்டும் என்று நேரு அரசு முடிவெடுத்தது.

அதற்காக 1956 ஆகஸ்டில் பெங்களூருவுக்கு வந்தவர் கர்ட் டேங்க். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190 போர் விமானத்தை வடிவமைத்தவர். போருக்குப் பிறகு அர்ஜென்டினாவில் ஜெட் விமானம் கட்டியவர். அவரோடு ஒரு ஜெர்மன் பொறியாளர் குழுவும் வந்தது. அவர்களும் இளம் இந்தியப் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கியதுதான் எச்.எஃப்-24. வைத்த பெயர் மாருத், புராணத்தின் காற்றுத் தேவன். இலக்கு, ஒலியைப் போல இரு மடங்கு வேகம்.

முதலில் எஞ்சினே இல்லாமல் பறக்கவிட்டார்கள். மாருத்தின் அதே அளவில், மரத்தால் ஆன இரண்டு இருக்கைக் கிளைடர் ஒன்றைக் கட்டினார்கள். டக்கோட்டா விமானம் அதைக் கயிற்றில் இழுத்து மேலே கொண்டுபோய் விடும். 1959 ஏப்ரலில் தொடங்கி 1960 மார்ச் வரை 78 தடவை அது பறந்தது. கடைசித் தடவை தரையிறங்கும்போது முன் சக்கரம் வெளியே வராமல் பலத்த சேதமடைந்தது. அதற்குள் வேண்டிய பாடம் கிடைத்துவிட்டது. குறைந்த வேகத்தில் இந்த வடிவம் எப்படி நடந்துகொள்ளும் என்பது எஞ்சினுக்குக் காசு செலவழிக்கும் முன்பே தெரிந்தது.

17 ஜூன் 1961

முதல் மாதிரி விமானத்தின் எண் பி.ஆர் 461. 1960 ஏப்ரலில் அதைச் சேர்த்துக் கட்டத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு மூன்று மாதம் தரைச் சோதனை. ஓடுதளத்தில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பது, வேகமாக ஓட்டிப் பார்ப்பது, பிரேக் போட்டுப் பார்ப்பது என்று படிப்படியாக.

1961 ஜூன் 17-ஆம் தேதி எச்.ஏ.எல் ஓடுதளத்திலிருந்து பி.ஆர் 461 மேலெழும்பியது. காக்பிட்டில் இருந்தவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். வயது 41. ஒரு வாரம் கழித்து, ஜூன் 24 அன்று, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் முன்னிலையில் அதை மறுபடி பறக்கவிட்டுக் காட்டினார்.

வடிவமைப்பைத் தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரு ஜெட் போர் விமானம் பறந்துவிட்டது. அதற்கு முன் பயிற்சி விமானங்களும் சிறு விமானங்களும் மட்டுமே வடிவமைத்திருந்த ஒரு நாட்டுக்கு அது சாதாரண விஷயம் இல்லை. ஐரோப்பா, வட அமெரிக்கா, சோவியத் யூனியனுக்கு வெளியே ஜெட் போர் விமானம் வடிவமைத்துப் பறக்கவிட்ட வெகு சில நாடுகளின் வரிசையில் இந்தியா சேர்ந்தது.

கணக்கு இடித்த இடம்

ஆனால் தாஸ் ஓட்டியது, டேங்க் காகிதத்தில் வரைந்த விமானம் அல்ல. வெளி உருவம் அதேதான். எஞ்சின் வேறு.

மாருத்தை ஆர்ஃபியஸ் 12 என்ற எஞ்சினை மனதில் வைத்து வடிவமைத்திருந்தார்கள். ஆஃப்டர்பர்னரோடு சேர்ந்து அது 8,170 பவுண்டு உந்துவிசை தரும் என்பது திட்டம். பிரிட்டன் அந்த எஞ்சினைக் கைவிட்டது. அதை முடித்துக்கொடுக்கத் தேவையான பணத்தைத் தர இந்திய அரசு சம்மதிக்கவில்லை. கையில் இருந்தது ஆர்ஃபியஸ் 703. நேட் எஞ்சினின் உடன்பிறப்பு, ஆஃப்டர்பர்னர் இல்லாதது, 4,850 பவுண்டு.

ஒரு மாருத்துக்கு இரண்டு எஞ்சின். எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி இருக்கும்:

- திட்டமிட்ட மொத்த உந்துவிசை: 16,340 பவுண்டு
- உண்மையில் கிடைத்தது: 9,700 பவுண்டு
- பற்றாக்குறை: சுமார் 41 சதவீதம்

41 சதவீதம் குறைந்தால் வேகமும் 41 சதவீதம் குறையும், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். அப்படி இல்லை. ஒலி வேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பு படியில் ஏறுவது மாதிரி திடீரென்று உயரும். அந்தப் படியைத் தாண்டுவதற்குக் கூடுதல் உந்துவிசை கையில் இருந்தால் அந்தப் பக்கம் போகலாம். இல்லையென்றால் படிக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். மாருத்தின் உடலை நடுவில் இடுப்பு மாதிரி ஒடுக்கி, அந்தப் படியின் உயரத்தைக் குறைக்கும்படிதான் வடிவமைத்திருந்தார்கள். எஞ்சின் மட்டும் பலமில்லை. ஒலியைப் போல இரு மடங்கு வேகத்துக்குப் பிறந்த விமானம், ஒலி வேகத்தின் வாசலிலேயே நின்றுவிட்டது.

இங்கேதான் சோதனை விமானியின் வேலை தர்மசங்கடமான வேலையாக மாறுகிறது. நாடே பெருமைப்படும் விமானம். அமைச்சர்கள் வந்து கைதட்டுகிறார்கள். நாளிதழ்களில் படம் வருகிறது. ஆனால் வானத்தில் எடுத்த எண்கள் காகிதத்தின் எண்களோடு பொருந்தவில்லை. அந்த எண்களை ஒன்றுகூடக் கூட்டிச் சொல்லாமல் எழுதிக் கொடுப்பதுதான் இந்த வேலைக்கான சம்பளம். நாளைக்கு அதே விமானத்தில் போருக்குப் போகப்போகிற 25 வயது விமானி, அந்த எண்களை நம்பித்தான் எந்த உயரத்தில் சண்டையிடலாம், எவ்வளவு எரிபொருளோடு திரும்பலாம் என்று முடிவெடுப்பான்.

அதே சமயம் இன்னொரு விமானம்

தாஸ் எச்.ஏ.எல் நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானியாக இருந்த காலத்தில், மாருத் மட்டுமே வேலையாக இருக்கவில்லை. 1964 செப்டம்பர் 4 அன்று கிரண் ஜெட் பயிற்சி விமானத்தையும் முதன்முதலில் பறக்கவிட்டவர் அவர்தான்.

மாருத் அளவுக்குப் புகழ் இல்லாத விமானம் கிரண். ஆனால் அதன் கணக்கு இடிக்கவில்லை. இலக்கு அடக்கமானது, அதற்கேற்ற எஞ்சினும் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக விமானப் படை விமானிகள் அதில்தான் ஜெட் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். சூர்யகிரண் சாகசக் குழுவைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1996-இல் தொடங்கிய அந்தக் குழுவின் பெயரில் இருக்கும் கிரண், இந்த விமானம்தான். 2011 வரை அந்தக் குழு இதில்தான் பறந்தது.

எஞ்சினைத் தேடி எகிப்து வரை

மாருத்துக்கு நல்ல எஞ்சின் தேடி இந்தியா பல கதவுகளைத் தட்டியது. அதில் விசித்திரமானது எகிப்துக் கதவு. அங்கே எச்.ஏ-300 என்ற போர் விமானமும், ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் தலைமையில் இ-300 என்ற எஞ்சினும் தயாராகிக்கொண்டிருந்தன. இந்தியா அந்த எஞ்சின் திட்டத்தில் கைகோர்த்தது. எச்.ஏ-300 விமானத்தை 1964 மார்ச் 7 அன்று முதன்முதலில் ஓட்டியவரே ஒரு இந்தியர்தான், விமானப் படையின் கபில் பார்கவா. ஒரு மாருத்தை எகிப்துக்குக் கொண்டுபோய், அதன் ஒரு பக்கத்தில் மட்டும் இ-300 எஞ்சினைப் பொருத்தி 1967 மார்ச்சில் பறக்கவும் விட்டார்கள்.

சில மாதங்களில் இஸ்ரேலுடனான போர் வந்தது. எகிப்தின் முன்னுரிமைகள் மாறின. 1969 ஜூலையில் இந்தியக் குழு திரும்பி வந்துவிட்டது. 1967-இலேயே கர்ட் டேங்க்கும் எச்.ஏ.எல்-ஐ விட்டுப் போயிருந்தார்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. கையில் இருக்கும் ஆர்ஃபியஸ் 703-ஐயே எப்படியாவது பலப்படுத்துவது.

10 ஜனவரி 1970

அந்தப் பொறுப்பை எடுத்தது பெங்களூருவில் இருந்த வாயு விசையாழி ஆராய்ச்சி நிறுவனம், அதாவது ஜி.டி.ஆர்.இ. ஆர்ஃபியஸ் 703-க்கு ரீஹீட் பொருத்துவது திட்டம். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வாயுவில் இன்னும் பிராணவாயு மிச்சம் இருக்கும். அதில் மறுபடி எரிபொருளைத் தெளித்துக் கொளுத்தினால் கூடுதல் தள்ளல் கிடைக்கும். ஆஃப்டர்பர்னர் என்பதும் இதுதான்.

இதன் மூலம் ஒரு எஞ்சினின் உந்துவிசை 4,850-லிருந்து 5,720 பவுண்டாக உயர்ந்தது. சுமார் 18 சதவீதம் கூடுதல். இரண்டு எஞ்சினுக்கும் சேர்த்து 11,440 பவுண்டு. முதல் திட்டத்தோடு ஒப்பிட்டால் இன்னமும் 30 சதவீதம் குறைவுதான். ஆனாலும் வெளிநாட்டைக் கேட்காமல் இங்கேயே செய்தது.

ரீஹீட் என்பது பின்னால் ஒரு பர்னரைச் சொருகுவதோடு முடிகிற வேலை இல்லை. வாயு வெளியேறும் குழாய் மாறும், விமானத்தின் பின்பகுதி மாறும், எடை மாறும், அதனால் சமநிலையும் காற்றின் எதிர்ப்பும் மாறும். எஞ்சின் கொடுக்கும் கூடுதல் பலத்தில் எவ்வளவை மாறிய உடலே தின்றுவிடுகிறது? இதைத் தரையில் நின்று சொல்லிவிட முடியாது. யாராவது ஒருவர் பறந்து அளக்க வேண்டும்.

1970 ஜனவரி 10-ஆம் தேதி, ரீஹீட் பொருத்திய மாருத்தின் மாதிரி விமானத்தோடு எச்.ஏ.எல் ஓடுதளத்தில் நின்றவர் குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ். 50-ஆவது பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்த வயது. மேலெழும்பும்போதே விமானம் விபத்துக்குள்ளானது. அவர் பிழைக்கவில்லை.

மேலெழும்பும் நேரம்தான் எந்த விமானத்துக்கும் கையிருப்பு மிகக் குறைவாக இருக்கும் நேரம். எரிபொருள் நிறைந்து எடை அதிகம். வேகம் குறைவு. கீழே விழுந்து சரிசெய்துகொள்ள உயரமும் கிடையாது. பெங்களூருவின் லேசான காற்றில் அந்தக் கையிருப்பு இன்னும் சுருங்கும். ஒரு சின்னக் கோளாறு மேலே 30,000 அடியில் நடந்தால் சில நிமிடம் யோசிக்கலாம். ஓடுதளத்தின் முனையில் நடந்தால் சில நொடிதான்.

அந்த ஆண்டே அரசு அவருக்கு மறைவுக்குப் பின் பத்ம பூஷண் விருது அறிவித்தது. தலைமை நீதிபதியாக இருந்த அப்பா, மகனை இழந்த பிறகு ஏழு ஆண்டுகள் வாழ்ந்து 1977-இல் மறைந்தார்.

அதற்குப் பிறகு மாருத் என்ன ஆனது?

ரீஹீட் பொருத்திய மாருத் விமானப் படைக்குப் போகவே இல்லை. ஆனால் வேலை நிற்கவில்லை. தாஸ் இறந்து நான்கு மாதம்கூட ஆகாத நிலையில், 1970 ஏப்ரல் 30 அன்று மாருத்தின் இரண்டு இருக்கைப் பயிற்சி வடிவம் பறந்தது.

1971 டிசம்பர் போரில், பலம் குறைந்த அதே ஆர்ஃபியஸ் 703 எஞ்சினோடு மாருத்கள் ராஜஸ்தான் எல்லையில் களம் இறங்கின. 300-க்கும் மேற்பட்ட போர்ப் பறப்புகள். வான்சண்டையில் ஒரு மாருத்கூட வீழவில்லை. டிசம்பர் 7 அன்று ஒரு மாருத் விமானி பாகிஸ்தானின் சேபர் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார். தாழ்வாக, நிலையாகப் பறந்து தரையைத் தாக்க அது அருமையான விமானம் என்று விமானிகள் பாராட்டினார்கள். வேக இலக்கில் தோற்ற விமானம், வேறொரு வேலையில் தன்னை நிரூபித்தது. எதில் அது நல்லது, எதில் இல்லை என்று துல்லியமாக அளந்து வைத்திருந்ததால்தான் சரியான வேலைக்கு அதை அனுப்ப முடிந்தது.

மொத்தம் 147 மாருத்கள் கட்டினார்கள். 1990-க்குள் எல்லாமே ஓய்வு பெற்றுவிட்டன. ஒன்றைப் பார்க்க பெங்களூருவரை போக வேண்டியதில்லை. சென்னை கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தின் வளாகத்திலேயே ஒரு மாருத் நிற்கிறது. அடுத்த தடவை போனா, நடுவில் ஒடுங்கிய அந்த இடுப்பைக் கவனிச்சுப் பாருங்க.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

மாருத்துக்குப் பிறகு அடுத்த இந்தியப் போர் விமானம் பறக்க 40 ஆண்டுகள் ஆயின. 2001 ஜனவரி 4 அன்று, அதே எச்.ஏ.எல் விமான நிலையத்திலிருந்து, பின்னாளில் தேஜஸ் என்று பெயர் பெற்ற இலகு ரகப் போர் விமானத்தை ராஜீவ் கோத்தியால் மேலே கொண்டுபோனார். அதில் இருந்தது அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் எஞ்சின். தேஜஸுக்காக ஜி.டி.ஆர்.இ உருவாக்கிய காவேரி எஞ்சின், எதிர்பார்த்த உந்துவிசையை எட்டாததால் அந்தத் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. விமானம் நம்முடையது, எஞ்சின் வெளியிலிருந்து. 1961-இல் தொடங்கிய அதே வாக்கியம்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. தாஸ் சோதனை விமானியாகப் படிக்க பிரிட்டனுக்குப் போக வேண்டியிருந்தது. கான்பூரில் அவர் வேலை பார்த்த சோதனைப் பிரிவு பிறகு பெங்களூருவுக்கு இடம் மாறி, ஏ.எஸ்.டி.இ என்ற பெயரில் இயங்குகிறது. 1973 முதல் விமானப் படையின் சொந்தச் சோதனை விமானிகள் பள்ளி அங்கேயே நடக்கிறது. இந்தியாவில் ஒரு புது விமானம் வந்தால், அதை அளந்து சொல்லும் ஆட்களை இந்தியாவே தயார் செய்கிறது.

அந்தப் பள்ளியில் படித்து முடிக்கும் மாணவர்களில், எல்லா வகையிலும் சிறந்த சோதனை விமானிக்கு ஒரு கோப்பை கொடுப்பார்கள். அதன் பெயர் சுரஞ்சன் தாஸ் கோப்பை.